ஆளுக்கொரு சட்டம்: அடிமை முறைக் கால வர்ஜீனியாவில் சட்டமன்ற வாசலில் நின்றவர்கள்

1826-ம் ஆண்டின் தொடக்கத்தில் தாமஸ் ஜெஃபர்சன் வர்ஜீனியா சட்டமன்றத்துக்கு ஒரு கோரிக்கை வைத்தார். அப்போது அவருக்கு வயது 82. சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி, அதே வர்ஜீனியாவின் முன்னாள் கவர்னர். கழுத்தளவு கடன் வேறு. அன்றைய நிலவரத்தில் நிலத்தை நேராக விற்றால் வாங்க ஆளில்லை, கிடைக்கிற விலையில் கடனும் அடையாது. அதனால் சொத்தைப் பரிசாக வைத்து லாட்டரி நடத்தலாம் என்று நினைத்தார். வர்ஜீனியாவில் லாட்டரி நடத்தச் சட்டமன்றம் அனுமதிக்க வேண்டும். அவர் ஒருவருக்காகவே ஒரு சட்டம் போட வேண்டும் என்று பொருள். உறுப்பினர்கள் முதலில் கொஞ்சம் இழுத்தடித்தார்கள். பிப்ரவரியில் சட்டம் நிறைவேறியது.

அடுத்த மாதமே, உயிலோடு சேர்த்த ஒரு பிற்சேர்க்கையில், அதே சட்டமன்றத்திடம் அவர் இரண்டாவதாக ஒன்று கேட்டார். இந்தத் தடவை ஐந்து அடிமைகளுக்காக. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முன்னாள் ஜனாதிபதியே ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை கைகூப்ப வேண்டியிருந்த அந்த வாசல் எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

சட்டம் என்றதும் எல்லோருக்கும் பொதுவான விதி என்றுதான் நாம் நினைக்கிறோம். 19-ம் நூற்றாண்டின் முற்பாதியில் வர்ஜீனியா ஆண்டுதோறும் அச்சிட்ட சட்டத் தொகுப்பைப் புரட்டினால் அந்த எண்ணம் ஆட்டம் காணும். வரி, ராணுவம், நீதிமன்றம் என்று பொதுச் சட்டங்கள் முன்னால் இருக்கும். அவற்றைத் தாண்டினால் வரிசையாக ஆட்பெயர்கள். இன்னார் ஆற்றில் படகுத்துறை வைத்துக்கொள்ளலாம். இன்னாரின் பெயர் இனிமேல் இப்படி. இன்ன அநாதைக் குழந்தைகளின் பரம்பரை நிலத்தைக் காப்பாளர் விற்கலாம். இன்னாருக்கும் இன்னாருக்கும் நடந்த திருமணம் இத்துடன் முறிந்தது. இன்ன பெயர்கொண்ட அடிமை இன்றுமுதல் விடுதலை பெற்றவன். ஒவ்வொன்றும் இரு அவைகளிலும் நிறைவேறிய முழுச் சட்டம். கால்வாய்க் கம்பெனிக்கான சட்டத்துக்கு அடுத்த பக்கத்தில் ஒரு தம்பதியின் மொத்த வாழ்க்கையும் நாலு வரியில் முடிந்திருக்கும்.

நடைமுறை எளிதுதான். ஊரில் எழுத்து தெரிந்த ஒருவரோ வக்கீலோ மனுவை எழுதித் தருவார். அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) பிரதிநிதி குளிர்காலக் கூட்டத்தொடருக்கு அதைத் தலைநகர் ரிச்மண்டுக்குக் கொண்டுபோவார். அங்கே ஒரு குழு படித்துப் பார்த்து, மனுவின் முதுகில் ‘நியாயமானது’ என்றோ ‘நிராகரிக்கப்பட்டது’ என்றோ ஒரு சொல் எழுதும். நியாயமானது என்றால் மசோதாவாகும். வர்ஜீனியாவின் மாநில நூலகத்தில் 1865 வரையிலான இத்தகைய மனுக்கள் ஏறக்குறைய 25,000 இன்றும் இருக்கின்றன. சாலை கேட்டவை, மதம் பற்றியவை என்று எல்லாமும் அதில் கலந்துதான் கிடக்கின்றன. ஆனால் தனிமனிதர் தன் கதையைத் தன் பக்கத்திலிருந்து சொன்ன மனுக்கள்தான் படிக்கிறவரை நிறுத்திவைப்பவை. அடிமைகளின் குரல், வேறொருவர் கையெழுத்தில்தான் என்றாலும், அரசு ஆவணத்துக்குள் நுழைந்த சில வழிகளில் இது ஒன்று.

கறுப்பின மக்கள் இந்த வாசலுக்கு ஏன் வர வேண்டியிருந்தது? 1782-ல் வர்ஜீனியா ஒரு தாராளமான சட்டம் போட்டிருந்தது. எஜமான் விரும்பினால் பத்திரம் எழுதியோ உயில் மூலமோ அடிமையை விடுவிக்கலாம், சட்டமன்றத்தைக் கேட்க வேண்டியதில்லை. அதன்பின் விடுதலை பெற்ற கறுப்பர்களின் தொகை மளமளவென்று ஏறியது. 1790 கணக்கெடுப்பில் 13,000-க்குச் சற்றுக் குறைவு, 1810-ல் 30,000-க்கு மேல். இடையில் 1800-ல் ரிச்மண்டைச் சுற்றி கேப்ரியல் என்ற கொல்லர் திட்டமிட்ட கிளர்ச்சி கடைசி நேரத்தில் காட்டிக்கொடுக்கப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். காட்டிக்கொடுத்த ஃபாரோ, டாம் என்ற இரண்டு அடிமைகளை அரசே பணம் கொடுத்து வாங்கி விடுதலை செய்தது. ‘தகுதியான சேவை’ என்று சட்டம் எதைக் கருதியது என்பதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் கிடைக்காது.

அந்தப் பயத்தில் பிறந்ததுதான் 1806-ம் ஆண்டுச் சட்டம். விடுவிப்பதை அது தடுக்கவில்லை. விடுதலையானவர் 12 மாதங்களுக்குள் வர்ஜீனியாவை விட்டு வெளியேற வேண்டும் என்றது. தங்கினால் பிடித்து மறுபடியும் விற்கலாம். விற்ற பணம் ஊர் ஏழைகளுக்கான நிதிக்குப் போகும். இந்தக் கடைசி வரியை நான் இரண்டு தடவை படித்தேன். கூடவே அருகிலிருந்த மாநிலங்களான மேரிலாந்து, டெலவேர், கென்டக்கி ஆகியவை சட்டென்று தங்கள் கதவைச் சாத்திக்கொண்டன. ஒஹாயோ 500 டாலர் ஜாமீன் கேட்டது. சரி, போவது எங்கே? மனைவி ஒரு எஜமானிடம், பிள்ளைகள் இன்னொருவரிடம் என்று இருக்கும் மனிதனுக்கு விடுதலை என்பது குடும்பத்தை விட்டுப் போகச் சொல்லும் உத்தரவாகிவிட்டது. இருக்க அனுமதி வேண்டுமென்றால் சட்டமன்றம் அவர் பெயரில் ஒரு சட்டம் போட வேண்டும். 1816-க்குப் பிறகு அசாதாரணமான சேவை செய்தவர்களுக்கு உள்ளூர் நீதிமன்றம் அனுமதி தரலாம் என்றும், 1837-ல் நன்னடத்தை உள்ளவர்களுக்கும் தரலாம் என்றும் தளர்த்தினார்கள்.

ஃபாக்கியர் கவுண்டியில் வாரன்டன் என்றொரு சிற்றூர். நீதிமன்றத்தை ஒட்டி ஒரு விடுதி. அங்கே சாமுவேல் ஜான்சன் என்ற அடிமை பரிமாறுகிற வேலையில் இருந்தார். கோர்ட் நடக்கும் நாட்களில் வக்கீல்கள், நீதிபதிகள், வழக்குக்கு வந்த பண்ணையார்கள் எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவார்கள், தங்குவார்கள். சாமுவேலின் சுறுசுறுப்பும் பணிவும் அவர்களுக்குப் பிடித்திருந்தது. கையில் வைத்துவிட்டுப் போகும் சில்லறையைச் சேர்த்துத் தன் விலையைத் தானே கொடுக்கும் நிலைக்கு வந்தார். ஆனால் 1806 சட்டத்தை அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை, அவர் பரிமாறியதே வக்கீல்களுக்குத்தானே. விடுதலையும் வேண்டும், இங்கேயே இருக்கவும் வேண்டும் என்று 1811-ல் மனு கொடுத்தார். ஊரின் பெரிய தலைகள் கையெழுத்துப் போட்டார்கள். 1812-ல் அவர் பெயரில் சட்டம் வந்தது.

அப்புறம்தான் கதை தொடங்குகிறது. 1815-ல் அவர் தன் மனைவி பேட்டியையும் பிள்ளைகள் லூசி, சாமுவேல் இருவரையும் விலைக்கு வாங்கினார். சட்டப்படி மூவரும் இப்போது அவருடைய அடிமைகள். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அவர்களை விடுவிக்கலாம். விடுவித்தால் பன்னிரண்டாவது மாதம் அவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டும். விடுவிக்காமல் வைத்திருந்தால், அவர் கடன்பட்ட அன்றோ கண்ணை மூடிய அன்றோ மனைவியும் மக்களும் சொத்துக் கணக்கில் வருவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வழி, இன்னொரு தனிச்சட்டம். அதற்காக 1815-ல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வெள்ளைக்கார அண்டை அயலார் திரும்பத் திரும்பக் கையெழுத்துப் போட்டார்கள். மனு ரிச்மண்டுக்குப் போனது, திரும்பியது, மறுபடி போனது. குடும்பத்துக்கான சட்டம் கடைசிவரை வரவில்லை.

ஊரே பரிந்துரைத்தும் ஏன் இப்படி? சட்டமன்றம் காரணத்தை எழுதி வைப்பதில்லை. என் கணிப்பைச் சொல்கிறேன். ஒரு ஆணை விடுவித்தால் ஒருவனோடு முடிந்தது. பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்பது வர்ஜீனியாவில் 17-ம் நூற்றாண்டிலிருந்து வந்த விதி. பெண்ணை விடுவித்து ஊரில் இருக்க விட்டால் அவள் வழிவரும் அத்தனை பேரும் பிறக்கும்போதே சுதந்திரமானவர்கள். விடுதியில் பழகிய முகத்துக்குச் சலுகை தரலாம், ஒரு தலைமுறைக்குத் தர மனம் வரவில்லை. சாமுவேலைத் தெரிந்தவர்கள் வாரன்டனில் இருந்தார்கள், ஓட்டுப் போட்டவர்கள் ரிச்மண்டில் இருந்தார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதையும் மிஞ்சும் மனு ஒன்று உண்டு. 1813, கிங் ஜார்ஜ் கவுண்டி. லூசிண்டா என்ற பெண்ணை அவளுடைய எஜமானி உயிலில் விடுவித்திருந்தார். உடன் விடுதலையானவர்கள் டென்னசிக்குக் கிளம்பிவிட்டார்கள். லூசிண்டா போகவில்லை. கணவன் இன்னொருவரின் அடிமை, அவனால் வர முடியாது. ஓராண்டுக் கெடு முடிந்து, ஏழைகள் நிதிக்காகத் தன்னை யாருக்காவது விற்றுவிடுவார்கள் என்ற நிலையில், அவள் சட்டமன்றத்திடம் கேட்டது இதுதான்: சுதந்திரம் அருமையானதுதான், ஆனாலும் கணவனைப் பிரிந்து வேண்டாம், அவனுடைய எஜமானுக்கே என்னையும் அடிமையாக்கிவிடுங்கள். மனுவில் கெஞ்சல் இல்லை, கணக்குப் பார்த்த நிதானம் இருக்கிறது.

அடிமைகள் இப்படி வந்து நின்ற அதே குழுக்களின் முன்னால், வெள்ளைக்காரத் தம்பதிகள் பிரிவதற்காக நின்றார்கள். திருமணத்தை முழுவதுமாக முறித்து மறுமணத்துக்கு வழிவிடும் அதிகாரம் 1848 வரை வர்ஜீனியாவில் பெரும்பாலும் சட்டமன்றத்திடமே இருந்தது. இங்கிலாந்துப் பார்லிமென்ட் வழக்கத்தின் மிச்சம் அது. குடும்பச் சண்டை முழுக்கச் சபைக்கு வந்தது. அடித்தது, குடித்தது, ஓடிப்போனது, பக்கத்து வீட்டுச் சாட்சி, தாய்மாமன் சாட்சி எல்லாம். சபைக்கே அலுத்துப்போயிருக்க வேண்டும். 1827-ல், உண்மை எது என்று முதலில் நீதிமன்றத்தில் ஜூரி முடிவு செய்யட்டும், பிறகு எங்களிடம் வாருங்கள் என்று விதி போட்டார்கள். மனு செய்தவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள்.

இங்கேயும் அடிமை முறை உள்ளே புகுந்துவிடுகிறது. வெள்ளைக்கார மனைவி கலப்பினக் குழந்தை பெற்றாள் என்று வந்த கணவனுக்குச் சபை காது கொடுத்தது. கணவன் வீட்டிலேயே ஓர் அடிமைப் பெண்ணோடு வாழ்கிறான் என்று வந்த மனைவிக்கு அது மட்டும் போதுமா என்பது சந்தேகம். அடி உதை, உயிர் பயம் என்று கூடவே ஏதாவது இருந்தால்தான் வழக்கு நின்றது. அந்த அடிமைப் பெண்ணுக்கு அதில் சம்மதம் என்ற ஒன்று இருந்ததா என்று எந்த மனுவும் கேட்பதில்லை. இன்னொன்று, மணமான பெண்ணின் அசையும் சொத்து கணவனுடையது என்பது அன்றைய பொதுச் சட்டம். ஆகவே பிரிவுச் சட்டங்களில், இனி இவள் மணமாகாதவளைப் போலச் சொத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி வரும். அந்தச் சொத்தில் பல சமயம் ஆட்களும் அடக்கம். அப்பா சீதனமாகக் கொடுத்த அடிமைகள் யாரோடு போவார்கள் என்பதுதான் பல சண்டைகளின் உள்விஷயம். அந்த அடிமைகளுக்குள்ளும் கணவன் மனைவி உண்டு. அவர்களுடைய கல்யாணம் சட்டத்தின் கண்ணில் இல்லாதது, எனவே அதை முறிக்கச் சட்டமும் வேண்டியிருக்கவில்லை. ஒரு விற்பனைச் சீட்டு போதும்.

இப்போது ஜெஃபர்சன். லாட்டரி நடக்கவேயில்லை. அபிமானிகள் நன்கொடை திரட்டுவதாகச் சொன்னதால் அது தள்ளிப்போடப்பட்டது, 1826 ஜூலை 4-ல் அவர் இறந்துவிட்டார். கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல் அப்படியே நின்றது. உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை: வீட்டுப் பணிகளைக் கவனித்த பர்வெல் கோல்பர்ட், தச்சர் ஜான் ஹெமிங்ஸ், கொல்லர் ஜோ ஃபாசெட், இளைஞர்களான மேடிசன் ஹெமிங்ஸ், எஸ்டன் ஹெமிங்ஸ். இவர்கள் தங்கள் குடும்பமும் உறவும் இருக்கிற இந்த மாநிலத்திலேயே தங்க அனுமதி தர வேண்டும் என்று, வாழ்நாளில் பெற்ற பல உதவிகளோடு இதையும் கடைசி உதவியாகச் சேர்த்து, சட்டமன்றத்திடம் மிகத் தாழ்மையாகக் கேட்டிருந்தார். சட்டமன்றம் ஒப்புக்கொண்டது. வாழ்நாள் முழுவதும் 600-க்கு மேற்பட்டவர்களை அடிமையாக வைத்திருந்தவர் அவர்.

1827 ஜனவரியில் ஜெஃபர்சனின் பண்ணையான மாண்டிசெல்லோவில் 130 பேர் ஏலத்துக்கு வந்தார்கள். அதில் ஜோ ஃபாசெட்டின் மனைவி எடித்தும் பிள்ளைகளும் இருந்தார்கள். எடித் ஜனாதிபதி மாளிகையில் பிரெஞ்சு சமையல் கற்றவர், மாண்டிசெல்லோவின் தலைமைச் சமையல்காரி. குடும்பம் பல கைகளுக்குச் சிதறியது. ஜோவுக்கு இந்த மண்ணில் இருக்க அனுமதி உண்டு, இருந்தார், தன் கண்முன் நடந்ததைப் பார்த்தார். பிறகு நண்பர்கள் உதவியோடும் பட்டறை வருமானத்தோடும் எடித்தையும் சில பிள்ளைகளையும் வாங்கினார். வாரன்டன் சாமுவேலைப் போலவே இவரும் மனைவிக்கு எஜமானானார். 1837-ல் பத்திரம் எழுதி விடுவித்தார், சில ஆண்டுகளில் குடும்பம் ஒஹாயோவுக்குப் போனது. பதினோரு வயதில் விற்கப்பட்ட மகன் பீட்டர் மட்டும் 1850 வாக்கில்தான் விடுதலையாகி வந்து சேர்ந்தார்.

அந்த உயிலில் இல்லாத ஒரு பெயர் சாலி ஹெமிங்ஸ். மேடிசன், எஸ்டன் இருவரின் தாய். அவரையும் எழுதியிருந்தால், அவர் வர்ஜீனியாவில் இருக்கச் சட்டமன்றத்தில் அவர் பெயர் வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். சாலியின் பிள்ளைகளுக்கு ஜெஃபர்சனே தந்தை என்று அவர் ஜனாதிபதியாக இருந்தபோதே பத்திரிகையில் கிளம்பிய வதந்திக்கு அது அரசு முத்திரை குத்தியதைப் போலாகியிருக்கும். ஜெஃபர்சனின் மகள் பத்திரம் எதுவும் எழுதாமல், ‘நீ உன் விருப்பப்படி இருந்துகொள்’ என்ற பாணியில் அவரை விட்டுவிட்டார். சார்லட்ஸ்வில்லில் மகன்களோடு வாழ்ந்து 1835-ல் இறந்தார். 1830 கணக்கெடுப்பு அவரை வெள்ளையர் வரிசையில் எண்ணியது, 1833-ல் நடந்த சிறப்புக் கணக்கெடுப்பு சுதந்திரமான கலப்பினப் பெண் என்றது. தனிச்சட்டம் இல்லாமலே அவர் ஊரில் இருந்தார், யாரும் கேட்கவில்லை. ஊர் கண்டுகொள்ளாமல் விட்ட இப்படிப்பட்டவர்கள் வர்ஜீனியாவில் நிறைய. 1806 சட்டத்தின்கீழ் உண்மையிலேயே விற்கப்பட்டவர்கள் குறைவு. ஆனால் யாராவது ஒருவருக்குப் பகை வந்தால் போதும், சட்டம் அங்கேயே இருந்தது.

மற்ற தென்மாநிலங்களிலும் இதே வாசல், வேறு வேறு காவல். மிசிசிப்பியில் 1820-ல் வில்லியம் ஜான்சன் என்ற 11 வயதுச் சிறுவனைச் சட்டமன்றம் விடுவித்தது. அவன் வளர்ந்து நாச்செஸ் நகரின் பெயர்பெற்ற முடிதிருத்துநராகி, தானே அடிமைகளை வைத்திருந்தான். 1833-ல் ஜார்ஜியாவின் தலைநகரில் சட்டமன்றக் கட்டடத்தில் பிடித்த தீயை அணைத்த சாம் என்பவரை, அடுத்த ஆண்டு மாநிலமே 1,800 டாலருக்கு வாங்கி விடுவித்தது. அலபாமாவில் பாலம் கட்டுவதில் பெயர்பெற்ற ஹொரேஸ் கிங்குக்கு 1846-ல் விடுதலைச் சட்டம் வந்தது, அங்கேயே தங்கும் உரிமையோடு. அதை முன்னின்று நிறைவேற்றியவர் ராபர்ட் ஜெமிசன் என்ற சட்டமன்ற உறுப்பினர், கிங்கைக் கொண்டு கட்டுமான வேலைகளைச் செய்வித்தவர். உள்நாட்டுப் போருக்குப் பின் அதே அலபாமா சட்டமன்றத்தில் கிங் உறுப்பினராக உட்கார்ந்தார்.

வட கரோலினாவில் லன்ஸ்ஃபர்ட் லேனுக்கு அந்த யோகம் இல்லை. ராலேயில் புகையிலையும் புகைக்குழாயும் செய்து விற்றவர், கவர்னர் அலுவலகத்தில் எடுபிடி வேலையும் பார்த்தார். சட்டமன்ற உறுப்பினர்களே அவருடைய வாடிக்கையாளர்கள். சேர்த்த 1,000 டாலரில் தன்னை மீட்டுக்கொண்டு, மனைவி மக்களை மீட்கும்வரை ஊரில் இருக்க அனுமதி கேட்டார். அவர் விற்ற புகையிலையைப் பிடித்தவர்கள் அவருடைய மசோதாவைத் தோற்கடித்தார்கள். 1842-ல் குடும்பத்தை அழைத்துப்போகத் திரும்பி வந்தபோது ஒரு கும்பல் அவர் உடம்பில் தார் பூசி இறகு ஒட்டியது.

ஆளுக்கொரு சட்டம் போடும் இந்த வழக்கம் மனிதர்களின் விடுதலைக்காக முடிவுக்கு வரவில்லை, நேரம் வீணாகிறது என்றுதான் முடிவுக்கு வந்தது. வட கரோலினா 1835-லேயே தனிப்பட்ட மணமுறிவு, பெயர்மாற்றச் சட்டங்களை அரசியல் சாசனத்தில் தடை செய்தது. வர்ஜீனியா 1851-ல் புதிய அரசியல் சாசனம் எழுதியபோது, மணமுறிவு, பெயர்மாற்றம், சிறுவர் நில விற்பனை எல்லாவற்றையும் நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. தாலுகா வேலையைத் தலைநகரில் செய்வானேன் என்ற நியாயம். குடும்ப வழக்கு கொண்டுவந்த வெள்ளையருக்கு அதனால் வழி சுலபமாயிற்று. அதே சாசனத்தில் இன்னொரு பிரிவு: சட்டமன்றம் எந்த அடிமையையும், அடிமையின் வழித்தோன்றலையும், பிறப்பதற்கு முன்போ பின்போ விடுவிக்கக் கூடாது. பன்னிரண்டு மாதக் கெடு சட்டப் புத்தகத்திலிருந்து சாசனத்துக்கே ஏறியது.

1850-களில், விடுதலையான கறுப்பர் தாமாக விரும்பி அடிமையாகலாம் என்று முதலில் தனித்தனிப் பெயர்களுக்குச் சட்டம் வந்தது. லூசிண்டா நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு கேட்டது அதைத்தான். 1856-ல் அதைப் பொதுச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். தன் எஜமான் யார் என்று ஒருவர் தானே குறிப்பிட்டு, வட்டார நீதிமன்றத்தில் மனு கொடுத்தால் போதும். அதற்கு ரிச்மண்டுக்குப் போக வேண்டியதில்லை.